தொட்டிக்குள் நீ விட்டுப்போன முட்டைகள்

என் உயிரான மேரி அக்கா,

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போகிறேன், கிணற்றடிக்கு வருகிறேன், மறுபடி வாசலுக்கு ஓடுகிறேன். யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும். இந்த வீட்டில் எனக்கு அதற்கு நீதானே இருந்தாய்?

சாந்தோமில் நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டுகிறது. வேலூரில் சித்தப்பா வீட்டுக்குப் போக அப்பா வண்டி பேசிவிட்டார். ஆனால் பின்கட்டில் இருக்கும் மண்தொட்டியை என்ன செய்வது? நாய் தோண்டித் தின்னுமுன் கடற்கரையிலிருந்து நீ கூடையில் கொண்டுவந்து மணலில் புதைத்த ஆமை முட்டைகள் அதில்தான் இருக்கின்றன. நீ ஜுரத்தில் கண்ணை மூடியதும் "ஆமை புகுந்த வீடு உருப்படுமா?" என்று பக்கத்து வீட்டில் பேசியது என் காதிலேயே விழுந்தது. அதற்காகவே அவை பொரிய வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

புதைக்கும்போது ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்தாய், நினைவிருக்கிறதா? "புள்ளி மேலேயே இருக்கணும்டி. பொரட்டினா உள்ளே கரு செத்துடும்" என்றாய். அம்மாவிடம் சொல்ல நம் இருவருக்குமே தோன்றவில்லை.

தொட்டியை வண்டியில் ஏற்ற முடியுமா என்று பார்க்க இன்று மேல்மணலைத் தள்ளினேன். புள்ளியைக் காணோம். ஒன்றை எடுத்தால் புள்ளி அடியில் இருந்தது. இன்னொன்றில் பக்கவாட்டில். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"யாரும்மா இதுல கை வெச்சது?"

"நான்தான்டி. கோழி முட்டைய எத்தினி தபா பொரட்டிப் போடுது, நீ பாத்ததில்ல? இதுங்களப் பெத்தவ கடலுக்குப் போய்ட்டா. நாமளும் பாக்கலன்னா எப்டி? தெனமும் ஜெபம் சொல்லி ஒவ்வொண்ணா திருப்பி வெச்சேன்."

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். கத்த வாயைத் திறந்துவிட்டேன். அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேரிக்குக் கஞ்சி ஊட்டின கை. ராசியில்லாத கைன்னு மனசு அரிச்சிக்கினே கீதுடி. இதுங்களாவது பொழைக்கட்டும்."

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அடியில கெடக்குறதுங்களுக்குத்தான் நான் ஒண்ணுமே செய்யல. இந்தத் தோள் வலியில கை எட்டல. பாவம், அதுங்க கதி இன்னாவோ."

அம்மா உள்ளே போனதும் முழங்கை வரை மணலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் இருந்தவற்றில் புள்ளி மேலேயே இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

முட்டை பொரியாமல் நான் வர மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஆமைக்காக நாம சாவணுமா?" என்று குதித்தார். "நீங்க மின்னாடி போங்க. நானும் புள்ளையும் அப்றமா வர்றோம்" என்றாள் அம்மா. அப்பா முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினார்.

ஒன்றும் பொரியாவிட்டால்? அதை நினைத்துத்தான் கால் தரையில் பாவ மறுக்கிறது. தொட்டிப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஆனால் ஒரே ஒரு குஞ்சு மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாலும் போதும், முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவேன். "பாரும்மா, நீ திருப்பி வெச்சதுல ஒண்ணு" என்பேன். பொய் சொன்னால் உனக்குப் பிடிக்காது. கோபித்துக்கொள், பரவாயில்லை. அம்மா இருக்கும்வரை இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உனக்குப் பின் பிறந்தவள்,
தெரசா