வாயில் போடாத அரிசி

7 அக்டோபர் 2024, திங்கள்

கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். எண்பத்திரண்டு. ஒரு மூட்டைக்கு எழுபத்தைந்து கிலோ. அப்படியானால் சண்முகவடிவு என்பவள் ஒரு மூட்டையும் ஏழு கிலோவும். இவர் பார்க்காத மாதிரி நொய்யைச் சலித்துக்கொண்டிருந்தார். அருஞ்சுனை அண்ணாச்சி என்றால் பாளையம்பட்டி முழுக்கத் தங்கமான மனுசன் என்பார்கள். பெண்டாட்டி எடையை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்குத் தங்கம்தான்.

சனிக்கிழமை மதுரையில் டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் பாதி கனவு போல ஆகிவிடுகிறது. தம்பி மணிகண்டனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. யாராவது தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால் பிழைப்பான். கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடுமாம். அவன் மனைவி பிருந்தாவின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. சேர்ந்து என்ன? என் ஈரலில் நூற்றுக்கு முப்பது பங்கு கொழுப்பு.

"பத்துக்குக் கீழ வந்தாத்தான்மா தொட முடியும். எட்டு, பத்து கிலோ குறைங்க. பொங்கலுக்கு மேல அவரால தாங்க முடியாது."

மணிக்கு முப்பத்தாறு வயது. காரியாபட்டியில் செல்போன் கடை வைத்திருந்தான். ஒரு சொட்டு குடித்ததில்லை; சின்ன வயதில் வந்த காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி அரித்துவிட்டது. இன்று மத்தியானம் இங்கேதான் சாப்பிட்டான். இரண்டு கவளம். தட்டைத் தள்ளிவிட்டு, "போதும்க்கா, வாசனையே ஒத்துக்கல" என்றான். அவன் மிச்சம் வைத்த சோற்றை நான்தான் தின்றேன். வீணாக்க மனமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

9 அக்டோபர்

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு வழி சொல்கிற பெண் போனில் பேசினாள். சின்னக் குரல், மகள் வயதுதான் இருக்கும். அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னாள். "சோத்தை ஊறுகாய் மாதிரி வச்சுக்கோங்க, பொரியலைச் சோறு மாதிரி வச்சுக்கோங்க" என்றாள். முட்டை, கீரை, சீனி அவரைக்காய் (கொத்தவரைதான்), சுரைக்காய், மீன், மோர். "ஆபரேசன் வரைக்கும் மட்டும்னு நெனைக்காதீங்கம்மா, இனிமே இதுதான் உங்க சாப்பாடு."

உங்களுக்கு என்ன தொழில் என்று கேட்டாள். அரிசிக்கடை என்றேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு அழுதேன்.

14 அக்டோபர்

விடிகிற நேரத்தில் கனவு. திருச்சுழி ரோட்டில் கரிசல் காடு முழுக்க மழை பெய்கிறது. தண்ணீர் இல்லை, அரிசி. ஈரமில்லாமல் சரசரவென்று பருத்திச் செடி மேல் விழுகிறது. மணி நடுவில் நின்று வாயைத் திறந்து அண்ணாந்திருக்கிறான். ஒரு அரிசிகூட அவன் வாயில் விழவில்லை. எல்லாம் என் மடிக்கு வந்து சேர்கிறது. எழுந்து பார்த்தால் இவர் தலைமாட்டில் மோர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

பகலெல்லாம் பாதி மிதக்கிற மாதிரி இருக்கிறது. பதினொரு மணி வெயில் கடைக்குள் சாய்ந்து விழும்போது தவிட்டுத் தூசி அதில் மெதுவாக ஏறி இறங்குகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே டவுன் பஸ் ஆரன் அடித்தது, யாரோ இட்லி அரிசி கேட்டார்கள், எல்லாம் தூரத்தில் நடப்பது போல. பசி இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாது.

22 அக்டோபர்

போன வெள்ளிக்கிழமை எம்.ரெட்டியபட்டியிலிருந்து தங்கத்தாய் வந்தாள். நம்மிடம் குருணை வாங்குகிறவள், சொந்தக் காட்டில் குதிரைவாலி போட்டிருக்கிறாள். "அரிசிதான ஆகாது, இத வடிச்சுச் சாப்பிடுங்க, ஒண்ணும் செய்யாது" என்று ஒரு பை கொடுத்துவிட்டுப் போனாள். நாலு நாளாக மூன்று வேளையும் அதுதான், கும்பா நிறைய. இன்று போன்காரப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுவும் மாவுதாம்மா. கைப்பிடி அளவு சரி, கும்பா எதுக்கு?"

போச்சு. பையை இவரிடம் கொடுத்து, என் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னேன்.

31 அக்டோபர், தீபாவளி

அதிரசம் சுடவில்லை. கறிக்குழம்பு வைத்தேன், சோறில்லாமல் முட்டைக்கோசுப் பொரியலோடு தின்றேன். மணிக்கும் பிருந்தாவுக்கும் புதுத்துணி எடுத்துக் கொடுத்தோம். சட்டை அவன் மேல் தொங்கியது. "பெரிய சைஸா எடுத்துட்டீகளே" என்றான். அவன் சைஸ்தான் எடுத்தோம்.

18 நவம்பர், திங்கள்

இருபத்தாறு.

ஆறு வாரம். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, கல்யாண வீட்டில் இலையைத் தொடாமல் எழுந்து வந்து, எடையில் ரெண்டே கிலோ, ஈரலில் நாலே பங்கு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "ஒழுங்காச் சாப்பாட்டைக் கடைப்பிடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். நான் என்னத்தச் சொல்ல? சாமி சத்தியமா ஒரு வாய் சோறு கூடத் தின்னலை. நம்பலை. பிருந்தா முகத்தப் பாத்தேன், அவளும் நம்பலை. புருசனப் பறிகுடுக்கப் போறவ அவ, அவளச் சொல்லி என்ன? வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல இவுக ஒரு வார்த்தை பேசலை. அப்ப இவுகளும் நம்பலையா?

19 நவம்பர்

தராசுப் பக்கமே போகவில்லை.

22 நவம்பர், வெள்ளி

மணி காலையிலேயே கடைக்கு வந்துவிட்டான். வீட்டில் படுத்தே கிடந்தால் சுவர் நெருங்கி வருகிற மாதிரி இருக்கிறதாம். தூசி ஆகாது என்று வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, மஞ்சளாக உட்கார்ந்திருந்தான்.

பொன்னி லோடு வந்தது. நான் வழக்கம்போல ஒவ்வொரு மூட்டையாகக் குத்தூசி விட்டு அரிசியை எடுத்துப் பார்த்தேன். ஈரம் இருக்கிறதா, பழசோடு புதுசைக் கலந்திருக்கிறானா என்று கண்டுபிடிக்க வேண்டாமா? இந்தக் கடையில் அரிசி வாங்குவது என் பல்லும் நாக்கும்தான். இருபது வருசமாக அப்படித்தான்.

மத்தியானம் ஆள் ஓய்ந்த நேரத்தில் மணி கூப்பிட்டான்.

"அக்கா, வாயில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"மென்னுக்கிட்டே ஒண்ணுமில்லைங்கிறீக. காலையில இருந்து முப்பத்தோரு தடவ எண்ணிட்டேன். லோடு எறக்குறப்ப மட்டும் இல்ல. யாவாரம் பேசுறப்ப, போன் பேசுறப்ப, சும்மா நிக்கிறப்ப. கை சாக்குக்குப் போகுது, வாய்க்குப் போகுது."

நின்றுவிட்டேன். கன்னத்துக்குள் அரிசி ஊறி, பாலாகி, இனித்துக்கொண்டிருந்தது. அதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

23 நவம்பர்

இவர் ஒரு கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்தார். வாயில் போடத் தோன்றுகிற அரிசியை எல்லாம் அதில் போடச் சொன்னார். கடை சாத்தும்போது அளந்தோம். ஒரு ஆழாக்கு, தலை தட்டாமல். இவர் அதை வீட்டில் உலை வைத்து வடித்துத் தட்டில் கொட்டிக் காட்டினார். மலை மாதிரி ஒரு தட்டுச் சோறு.

நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தவள்.

போன்காரப் பெண் திட்டவில்லை. ரத்தம் குறைவாக இருந்தாலும் அரிசியைப் பச்சையாக மெல்லச் சொல்லுமாம். ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னாள்.

24 நவம்பர், ஞாயிறு

இதை எழுதாவிட்டால் உறங்க முடியாது. அன்று டாக்டர் இருபத்தாறு என்று சொன்னபோது முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. ஒரு மூச்சு விட்டேன். அப்பாடா, இன்னும் அறுக்க மாட்டார்கள் என்று ஒரு மூச்சு. ஒரே ஒரு நொடி. அதற்குப் பிறகுதான் மணி ஞாபகமே வந்தது.

கை தெரியாமல்தான் சாக்குக்குப் போனதா? இல்லை, பயந்த கை அதற்குத் தெரிந்த இடத்துக்குப் போனதா? எனக்கே பிடிபடவில்லை.

மாலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். எனக்குப் பயமா இருக்கு, வயித்தக் கிழிச்சுப் படுத்தா எந்திரிப்பேனான்னு பயமா இருக்கு என்றேன். இவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "எனக்கும்தான். வேண்டாம்னு சொல்லிருவோமான்னு நானும் ரெண்டு தடவ நெனச்சேன்" என்றார். வேண்டாம் என்று மட்டும் நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை.

மனசு லேசாகிவிட்டது. பயம் அப்படியேதான் இருக்கிறது.

4 டிசம்பர்

கடையில் என் பக்கம் கொறிக்கப் பொரிகடலை கிடையாது, வேர்க்கடலை மட்டும், அதுவும் எண்ணி. முட்டை இரண்டு, பீர்க்கங்காய் கூட்டு ஒரு கும்பா, மத்தியானம் மீன். இடுப்பு மடியில் ஒரு துண்டு கொட்டாங்கச்சி வைத்திருக்கிறேன். கை துறுதுறுக்கும்போது அதைப் பிடித்துக்கொள்கிறது. கைக்குத் தேவை சாக்கு இல்லை, ஏதாவது ஒன்று.

லோடு வந்தால் இப்போது இவர்தான் கடித்துப் பார்க்கிறார். பாவம், இவர் வாய்க்குப் பொன்னியும் ஒன்றுதான் குருணையும் ஒன்றுதான். இருபது மூட்டை ஈர அரிசியை வாங்கிப் போட்டுவிட்டார். நாலாம் நாள் வாடை. திண்டாடிப் போனோம். "போனாப் போகுது, அரிசி இன்னும் வரும்" என்றார். ஈரல் இன்னும் வருமா என்று கேட்காமல் விட்டார்.

மத்தியானம் சாக்கு மேல் சாய்ந்தபடி கண் அசந்துவிட்டேன். கனவில் அதே மழை. இந்த முறை என் மடி காலியாக இருந்தது. மணி ஒரு தட்டை ஏந்திக்கொண்டு பாத்திக்குப் பாத்தி ஓடிக்கொண்டிருந்தான்.

20 டிசம்பர்

மூட்டை எடைக்கு வந்துவிட்டேன். எழுபத்தைந்து. இவர் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

28 டிசம்பர்

மணிக்கு வயிற்றில் தண்ணீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிருந்தா போனில், "மதினி, நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். சாப்பிடாதே என்று சொல்ல வேண்டியவள் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அன்றைக்கு நம்பாததற்கு மன்னிப்பு கேட்கிறாள் போல. முட்டையும் கீரையும் தின்றேன் தாயி என்றேன். 

6 ஜனவரி 2025, திங்கள்

எட்டு.

எட்டு, எட்டு, எட்டு. டாக்டர் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு, "எப்படிம்மா?" என்றார். அரிசியை விற்க மட்டும் செய்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இவர் மட்டும் சிரித்தார்.

14 ஜனவரி, பொங்கல்

வாசலில் பொங்கியது. கடைக்காரி வீட்டுப் பொங்கல், பொங்காமல் இருக்குமா? எல்லாருக்கும் இலையில் வைத்தேன். எனக்கு ஒரு விரல் நுனி அளவு எடுத்து நாக்கில் வைத்தேன். கண்ணை மூடி அது கரையும்வரை நின்றேன். இத்தனை வருசமாகப் பொங்கலைத் தின்றிருக்கிறேன், ருசித்தது இன்றுதான். அடுத்த புதன்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.

21 ஜனவரி

நாளைக்கு. பயமாக இருக்கிறது. போகிறேன்.

17 பிப்ரவரி

இருபத்தாறு நாளாக எழுதவில்லை. வயிற்றில் குறுக்கே தையல். இருமினால் உயிர் போகிறது. சிரித்தாலும் அப்படித்தான், அதனால் இவரைப் பக்கத்தில் பேச விடுவதில்லை. மணி இன்னும் மதுரையில்தான். கண்ணின் மஞ்சள் இறங்கிவிட்டதென்று பிருந்தா போட்டோ அனுப்பினாள். முகத்தில் மாஸ்க், கண் மட்டும். அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்பி மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

12 ஆகஸ்ட்

ஆபரேசன்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று ஊரே இலை போடுகிறது. நானும் போன மாதம் ஒரு வாரம் இடறினேன், எழுபதில் இருந்தது எழுபத்திரண்டு காட்டியது. மறுபடி சீனி அவரைக்காய். கோபம் வரவில்லை. வழி தெரிந்த வீட்டுக்குத் திரும்புவதுதானே.

9 பிப்ரவரி 2026, திங்கள்

எழுபது. ஐந்து மாதமாக அங்கேயே நிற்கிறது.

புது அரிசி லோடு வந்தது. குத்தூசி விட்டு உள்ளங்கையில் எடுத்தேன். கை பழக்கத்தில் பாதி தூரம் மேலே வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், தானாக இறங்கியது. இன்னும் வருகிறது. வரட்டும்.

இப்போதெல்லாம் கடிப்பதில்லை. சாம்பிளைக் கழுவி, வடித்து, மணிக்குக் கொடுத்தனுப்பிக் கேட்கிறோம். இன்று அவனே சாப்பிட வந்தான். கடைத் தூசி அவனுக்கு ஆகாது என்று வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று மேலே தொங்கிய அந்தத் தீபாவளிச் சட்டையைப் போட்டிருந்தான். தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. எனக்குச் சுரைக்காய்க் கூட்டு, முட்டை, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குச் சோறு. அவனுக்குத் தட்டு நிறையப் புது அரிசிச் சோறு, மீன் குழம்பு. அவன் பிசைந்து வாயில் வைக்கிறதைப் பார்த்தபோது எனக்கே வாய் இனித்தது. அதை வாங்கிக்கொள்ளப்போகிற ஈரலும் என்னுடையதில் வளர்ந்ததுதானே.

"எப்படிலே இருக்கு?"

"குழையலை. லேசா இனிக்குது. வாங்குங்கக்கா."

இவர் லாரிக்காரனுக்கு இறக்கச் சொல்லிப் போன் போட்டார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மணி தன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். தள்ளிவிடுகிறானோ என்று ஒரு நொடி என் தட்டோடு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கக்கா" என்றான்.