மாலை போட்ட படம்

பழனியாண்டவர் துணை

ரெட்டியார்சத்திரம்
12-9-62

சிரஞ்சீவி மகன் சுருளிவேலுக்கு அம்மா சுந்தரம்மாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சாப்பிட்டோம் தூங்கினோம் என்று இருக்கிறோம், கரக்பூரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, அது எவ்வளவு தூரம் நிஜம் என்பது நீ நேரில் வந்து நின்றால்தான் தெரியும். உன் அப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது, மதுரை ஆஸ்பத்திரியில் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை சுவரைத் தடவித்தான் நடக்கிறார், ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால் மட்டும் எல்லோருக்கும் முந்திக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆவணி மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றுத் தண்ணீரில்தான் செவ்வந்தியும் கத்தரியும் உயிரோடு நிற்கின்றன. இன்னொன்று, நீ அனுப்பிய கவரின் ஒரு ஓரத்தில் மட்டும் பசை ஈரமாக இருந்தது. ஏன் இப்படி ஈரமாக இருக்கிறது என்று தபால்காரர் சூசைராஜிடம் கேட்டேன், அதற்கு அவர், "யக்கா, கவருமெண்டுத் தபால நான் எதுக்குப் பிரிக்கப் போறேன்" என்று சிரிக்கிறார். பிரித்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. இனிமேல் அரக்கு வைத்து ஒட்டு.

அது கிடக்கட்டும், உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கடிதமாக நீ அந்த ராமர் வீட்டுப் போட்டோவைப் பற்றியே எழுதுகிறாய். ராமர் உன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி, ரங்கூனில் பிறந்து சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு வந்தவர், பூர்வீகம் திண்டுக்கல் பக்கம், அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய படம் நம் கூடத்தில் மாலையோடு மாட்டியிருக்கும் உன் அப்பாவின் தாத்தா சடையாண்டி படத்தை அப்படியே உரித்துவைத்ததுபோல இருக்கிறது, இவ்வளவுதானே. இதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போக வேண்டுமா, சுவரில் மாட்டிய படம் வாரத்துக்கு வாரம் மாறுமா. முதல் கடிதத்தில் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கண் தெரியாமல் கட்டிலோடு கிடக்கிறார், அவருக்கு ராமரின் மகள் பொன்னழகுதான் கஞ்சி ஊட்டுகிறாள் என்று எழுதினாய். இரண்டாவதில் அந்தப் பெண் தமிழ் நன்றாக வாசிக்கிறாள் என்றாய். மூன்றாவதில் அவள் பெயரையே காணோம். பெயர் நின்றுபோனதும்தான் மூன்று கடிதத்தையும் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயே அப்பு, பெற்றவளுக்குத் தெரியாதா. அதோடு அந்தப் பெரியவர் நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வேறு எதுவும் விசாரிக்காமல், "படத்துக்குப் போட்ட மாலையக் கழட்டிட்டாங்களா" என்று மட்டும் கேட்டதாக எழுதியிருந்தாய், நம் வீட்டில் இன்னும் மாலை போடுகிறோமா என்று நீயும் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் நம் தோட்டத்துச் செவ்வந்தியைக் கட்டிப் போடுகிறவள் நான்தான் என்பது உனக்குத் தெரியாதா. வயசாளி எதையோ பிதற்றுகிறார், இவனும் அதைப் பெரிய சங்கதி என்று எழுதுகிறான் என்று அப்போது விட்டுவிட்டேன்.

நீ நகல் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பெட்டிக்குள் வைத்து மாங்காய்ப் பூட்டுப் போட்டிருக்கிறேன், சாவி என் முந்தானையில் இருக்கிறது. நம் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மூக்கு, அதே காது, இடது புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. சந்தேகமே இல்லை, ஒரே ஆள்தான். ஆனால் நம் படத்தில் நரைத்த மீசை, அவர்கள் படத்தில் கருகருவென்று மீசை, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைதான் ராமர், படத்தில் இருப்பது அவரைப் பெற்ற ஐயா என்று நீயே எழுதியிருக்கிறாய். ராமருக்கு ஐம்பது வயது என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்கு ஐம்பத்தாறு, சடையாண்டித் தாத்தா பேதியில் செத்து மறுமாதம் பிறந்தவர். அப்படியானால் செத்துப்போன மனுஷர் பல வருஷம் கழித்து மீசை கருத்து, ரங்கூனில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துப் போட்டோ பிடித்திருக்கிறார். இது எந்த ஊர் நியாயம். ஒன்று அந்த ராமர் பொய் சொல்கிறார், நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பையன் என்று தெரிந்து உறவு கொண்டாடப் பார்க்கிறார், இல்லாவிட்டால் நம் பெரியவர் செத்ததாகப் பேர் பண்ணிவிட்டுக் கப்பலேறிப் போய் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார். உன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான், "எங்க தாத்தன் பழனியத் தாண்டிப் போனதில்லடி, ரங்கூனுக்கு எதுல போனாரு" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். அவர் கத்துவது இருக்கட்டும், எனக்கு உன் நினைப்புதான். ராமர் சடையாண்டித் தாத்தாவின் பிள்ளை என்றால் பங்காளி ஆகிறார், உன் அப்பாவுக்குச் சித்தப்பா முறை. அவர் மகள் உன் அப்பாவுக்குத் தங்கை, உனக்கு அத்தை. அத்தையை நினைத்துக்கொண்டா அங்கே ஞாயிற்றுக்கிழமை போகிறாய் என்று எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்து மனுஷி என்று மிச்சமிருப்பது நத்தத்தில் உன் அத்தை சின்னக்கண்ணு ஒருவர்தான், உன் அப்பாவைவிட எட்டு வயது மூத்தவர், தாத்தா சாவை நினைவோடு பார்த்தவர். புளி வாங்கப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, தோட்டத்துப் பூவில் ஒரு கூடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போட்டோவைக் காட்டி, அந்த வீட்டில் ஒரு பெண் இருப்பதையும் லேசாகச் சொன்னேன். உன் அத்தை கண்ணாடியைக்கூடத் தேடவில்லை, "அவரேதான், எங்க தாத்தாவேதான், ரங்கூன்ல ஒரு குடும்பம் இருக்குன்னு அப்பவே பேசிக்கிட்டாங்க, அய்யோ பாவம், அப்ப அந்தப் புள்ள சுருளிக்கு அத்தை முறையால்ல வருது" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, உடனே உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். காப்பி கொண்டுவந்தது யார் என்கிறாய், அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி, சாதாரணப் புதன்கிழமையில் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு. அந்தப் பேத்தியை உன் தலையில் கட்ட இரண்டு வருஷமாக உன் அத்தை தூது விடுவது உனக்கும் தெரியும். எனக்குச் சுருக்கென்றது. சும்மா ஆடுமா சோழியன் குடுமி. நானும் ஒன்றும் தெரியாதவள்போல், பெரியவர் படம் இன்னொன்று கிடைத்திருக்கிறது, மாலை போட்டுக் கும்பிடாமல் வைத்திருந்தால் குற்றமாகிவிடும் மதினி என்று சொல்லி, கூடையிலிருந்து செவ்வந்திச் சரத்தை எடுத்து அந்தப் போட்டோ மேல் வைக்கப் போனேன். உன் அத்தை பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டி, மடியில இருக்கிற புள்ள உசுரோட இருக்கான்ல. உசுரோட இருக்கவனுக்கு ஒருக்கா மாலை போட்டதே போதும்" என்று சொன்னவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். வாயைப் பொத்தி என்ன செய்ய, வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அப்புறம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சடையாண்டித் தாத்தா உயிரோடு இருந்தபோது படமே பிடித்ததில்லையாம், போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயம். பேதியில் திடீரென்று போய்விட்டார். வருஷத் திவசத்துக்கு அப்பன் படம் இல்லையே என்று அவருடைய மகன், அதாவது உன் தாத்தா, ஏங்கிப்போய்விட்டார். சடையாண்டித் தாத்தாவின் அக்கா மகன் கருப்புசாமி என்று ஒருவர், முப்பது வயது ஆள், தாய்மாமன் சாயல் அப்படியே அவருக்கு இருந்ததாம். மதுரையிலிருந்து ஒருவன் போட்டோப் பெட்டியோடு திண்டுக்கல்லுக்கு வந்திருந்தான். செத்தவரின் கோட்டையும் தலைப்பாகையையும் கருப்புசாமிக்குப் போட்டு, மீசையில் விபூதியைத் தடவி நரைக்க வைத்து, நாற்காலியில் உட்கார வைத்துப் படம் பிடித்துவிட்டார்கள். விபூதித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது எட்டு வயது உன் அத்தை. படம் வந்ததும் உன் தாத்தா பொட்டு வைத்து மாலை போட்டு மாட்டினார், ஊரே வந்து கும்பிட்டது. அந்த மாதமே கருப்புசாமி காய்ச்சலில் விழுந்தார். அவருடைய தாய் ஓடிவந்து, "உசுரோட இருக்கிற எம்புள்ளைக்கு மாலை போட்டு வச்சிருக்கீகளே, அதக் கழட்டுங்கடா" என்று வாசலில் விழுந்து அழுதாளாம். என் அப்பன் படம், மாலையைக் கழற்ற மாட்டேன் என்று உன் தாத்தா பிடிவாதமாக நின்றுவிட்டார். பிள்ளை பிழைத்து எழுந்ததும் அந்தத் தாய் இந்த மண்ணே வேண்டாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நம் வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று கட்டளை. நான் கல்யாணமாகி வந்தபோது இதுதான் பெரியவர் என்று காட்டினார்கள், நானும் கும்பிட்டேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் அந்தக் கட்டில்காரப் பெரியவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அந்த யோசனையில் வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன். அது பிதற்றல் இல்லை, அவர்தான் அந்தக் கருப்புசாமி. மாலையைக் கழற்றிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அந்த மனுஷர் இத்தனை வருஷம் காத்துக் கிடக்கிறார். இப்போது சொல், உனக்கு இதெல்லாம் முன்பே தெரியும்தானே. அவர் யார் என்று தெரிந்துதானே ராமரின் ஐயா என்று எழுதாமல் வெறுமனே "பெரியவர்" என்று எழுதினாய். நீ நேராகச் சொல்லியிருந்தால் பெண்ணுக்காகக் கதை கட்டுகிறான் என்றுதான் நான் சொல்லியிருப்பேன், அதற்காகத்தான் போட்டோவை அனுப்பி என்னையே தேடவிட்டாய். பெரிய கள்ளனடா நீ, என் வயிற்றில்தான் பிறந்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை. "மாமா உசுரோட இருக்காரா" என்று மட்டும் கேட்டார். ஸ்டூலைப் போடச் சொல்லி, நான் பிடித்துக்கொள்ள, தடவித் தடவி ஏறி, தன் கையாலேயே மாலையைக் கழற்றினார். ஈரத்துணி கேட்டுப் பொட்டையும் துடைத்தார், கண் தெரியாததால் இரண்டு மூன்று இடத்தில் அழுத்தித் துடைத்தார். படம் அங்கேயேதான் இருக்கிறது, உயிரோடு இருக்கிறவர் படமாக. வருகிற மகாளய அமாவாசைக்குச் சடையாண்டித் தாத்தாவுக்கு முகம் கிடையாது, ஒரு விளக்கை ஏற்றி வைத்து அதற்கே படைத்துவிடலாம் என்று உன் அப்பா சொல்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தாத்தாவின் அக்கா மகன் பிள்ளை என்றால் ராமர் மாமன் மச்சான் வழி, பொன்னழகு உனக்கு முறைப்பெண். அதற்காக உடனே தலைகால் தெரியாமல் ஆடாதே. தைப்பூசத்துக்கு லீவு போட்டுவிட்டு வா, அவர்களையும் வரச் சொல். பெண்ணின் போட்டோ அனுப்ப வேண்டாம், நம் குடும்பத்தில் போட்டோவை நம்பியது போதும், நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன். அவள் கஞ்சியில் உப்பு எவ்வளவு போடுகிறாள் என்றும் கவனித்து எழுது, உன் அப்பாவுக்காகக் கேட்கிறேன். பனிக்கு முன்னால் கம்பளி வாங்கிக்கொள், வெளியில் சாப்பிடாதே. பழனியாண்டவர் உன்னையும் அந்த வீட்டாரையும் குறைவில்லாமல் காக்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருக்காமல், அங்கே போ. பெரியவர் காதருகே குனிந்து, சடையாண்டி வீட்டில் மாலையைக் கழற்றியாகிவிட்டது என்று சொல். அவருக்குக் காது மந்தமாக இருந்தால் இரண்டு தடவை சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுந்தரம்மாள்