அறுபத்தொன்றாம் சாயம் தோற்கவில்லை

அனுப்புநர்
முனைவர் வீப்கே ஹார்ம்ஸ்,
வேதியியல் பிரிவு, மூன்றாம் தளம்,
லைனே கரை ஒளியியல் ஆய்வகம், கோட்டிங்கன்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மேற்படி ஆய்வகம்.

பொருள்: 61ஆம் சாயம் தோல்வி என்ற அறிக்கையை ரத்து செய்யக் கோருதலும், அதில் கையொப்பமிட மறுத்தலும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உயிரணுவின் நுண்ணிழைகளில் ஏற்றிய சாயம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் கலங்கிய வெளிச்சம்தான் மிஞ்சும்; சந்தை இரைச்சலில் ஒருவர் பேச்சும் புரியாததுபோல. பெரும்பாலான மூலக்கூறுகள் அணைந்திருக்க, ஒன்றிரண்டு மட்டும் மின்னி அடங்கினால், ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துப் படத்தைத் தெளியவைக்கலாம். அப்படி அணையத் தெரிந்த சாயத்துக்காகத்தான் பதினான்கு மாதம் உழைத்தேன். தாங்கள் அறியாததல்ல, அறிக்கை எழுதியவருக்காகச் சொல்கிறேன்.

2. மே 12 அன்று நான் மதிய உணவுக்குச் சென்றிருந்தபோது, மதிப்பீட்டாளர் முனைவர் டெட்லெஃப் கூனெர்ட் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி நான் வைத்திருந்த 61ஆம் சாயக் குப்பியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நான் திரும்பியதும், "என்னம்மா இது, வெறும் தண்ணி மாதிரி இருக்கு? சாயம்னா நிறம் வேணாமா? செத்துப்போச்சு, கொட்டிட்டேன்" என்றார். "சாகல டாக்டர், அணைஞ்சிருந்துச்சு. ஊதா வெளிச்சம் பட்டா முழிச்சிருக்கும்" என்றேன். "தூங்கி முழிக்கிற சாயமா? காலை காப்பியும் கேக்குமோ?" என்று சிரித்தார்.

3. துணி ஆலைச் சாயத்தில் இருபத்தைந்து ஆண்டு பழுத்தவர் அவர். அங்கே நிறம் போனால் சரக்கு போயிற்று. இங்கே நிறமின்றி இருக்கத் தெரிவதுதான் சாயத்தின் கெட்டிக்காரத்தனம். தெரியாதது குற்றமல்ல, கேட்காமல் கொட்டியது குற்றம். கொட்டிவிட்டு "தயாரிப்பு தோல்வி" என்று எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் நானும் கையொப்பமிட வேண்டும், இல்லையேல் என் பணி ஒப்பந்தம் நீளாது என்று மிரட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. மனுவில் எழுதும் சொல் அல்ல என்றாலும் எழுதுகிறேன்.

4. உறைபெட்டியில் அதே சாயம் இரண்டு மில்லிகிராம் மீதம் உள்ளது; அதை உயிரணுக்களின் இழைகளில் ஏற்றி வைக்கிறேன். வியாழன் காலை 10 மணிக்கு நுண்ணோக்கி அறைக்குத் தாங்களும் அவரும் வர வேண்டுகிறேன். ஊதா ஒளியை அவர் கையாலேயே போடட்டும். இழைகள் தெரியாவிட்டால் நானே வேலை மேடையைக் காலி செய்கிறேன். தெரிந்தால், கொட்டியது தாம்தான் என்று அவர் எழுதித் தர வேண்டும்.

கருணை கோரி இதை எழுதவில்லை. தாங்கள் வராவிட்டாலும் அந்த அறிக்கையில் கையொப்பமிட மாட்டேன். வேலை போனால் போகட்டும், பொய்க்கு என் பெயரைத் தர மாட்டேன். என் கையொப்பம்தான் வேண்டுமென்றால், இந்த மனுவின் கீழே இருக்கிறது.

இடம்: கோட்டிங்கன்
நாள்: 17.05.2016

உண்மையுடன்,
(ஒப்பம்)
வீப்கே ஹார்ம்ஸ்