பேதையின் பங்கு

தார்ன்பி பண்ணை,
மேரிலாண்ட்
7 மார்ச் 1994

அன்புள்ள அகதா,

ஓரிகனில் நீயும் உன் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நலம் விசாரி, பிறகு விஷயத்துக்கு வா என்று மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முப்பத்தோரு வருடம் கழித்து எழுதும் கடிதத்துக்கு வேறு முறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நம் மாவட்டத்தின் பழைய குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது. தார்ன்பி குடும்பத்தைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் அப்பாவின் முன்னோர்களில் இந்த மண்ணுக்கு முதலில் பட்டா வாங்கிய குத்பெர்ட் தார்ன்பியிலிருந்து தொடங்க வேண்டும். வாரம் இரண்டு நாள் அனாபொலிஸுக்குக் காரோட்டிப் போய், ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுகளைப் படமெடுத்த சுருள்களைச் சுற்றிச் சுற்றிக் கண் வலிக்கப் பார்க்கிறேன். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். எழுபத்தொன்பது வயதில் மறுபடி முதல் வகுப்பு.

குத்பெர்ட்டின் பட்டா கிடைத்துவிட்டது. "ஓடைக்கரையில் அடையாளமிட்ட வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி" என்று ஆரம்பிக்கிறது. மரம் போய்விட்டது, ஓடை இருக்கிறது. 1729இல் அவர் இறந்தார். மூத்த தாரத்து மகனுக்கு நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாம் மனைவி எலினாருக்கு மூன்றில் ஒன்று, முழு உரிமையோடு. எலினாருக்கு ஹென்ரியட்டா என்று ஒன்பது வயது மகள். மறுவருடம் நீதிமன்றப் புத்தகத்தில் "தார்ன்பியின் அநாதை ஹென்ரியட்டா" பக்கத்துப் பண்ணைக்காரர் ஆல்டஸ் புரூயிட் என்பவரிடம் பதினாறு வயதுவரை ஒப்படைக்கப்படுகிறாள். ஆகவே எலினார் அந்த ஒரு வருடத்துக்குள் இறந்திருக்க வேண்டும். அவள் கல்லறையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த எலினாரை உனக்குத் தெரியும். சமையலறை ஜன்னலிலிருந்து ஓடைக்கு அப்பால் தெரியும் வயலை நம் வீட்டில் பேதையின் பங்கு என்றுதானே சொல்வோம்? அதைத் தொலைத்த பேதை அவள். எப்படித் தொலைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. குடித்தே தொலைத்தாள் என்று உன் அப்பாவின் தாத்தா சொல்வாராம். உன் அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் அந்தப் பக்கம் பார்த்து, "கிழவிக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருந்தா நாம இந்நேரம் அங்கயும் புகையிலை போட்டிருப்போம்" என்பார். நீ சிரிப்பாய்.

உன்னிடம் கேட்க வேண்டியது, உன் திருமண விவரமும் உன் பிள்ளைகளின் பெயர்களும். 1963இல் உங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த அறிவிப்பை யாரோ எனக்கு அனுப்பியிருந்தார்கள். "காலஞ்சென்ற திரு, திருமதி லியோனார்ட் தார்ன்பியின் மகள்" என்று போட்டிருந்தது. திரு என்பதில் பிழையில்லை. நீ கல்யாணம் செய்துகொண்ட அன்று திருமதி, கொட்டகையில் நின்று புகையிலைக் காம்பிலிருந்து இலை பிரித்துக்கொண்டிருந்தாள், நல்ல ஆரோக்கியத்தோடு. ஒரு சொல்லைப் பதிவில் ஏற்றுமுன் அது உண்மையா என்று பார்க்க வேண்டும், அகதா. புத்தகத்தில் நான் சரியாகவே எழுதப்போகிறேன்.

இப்படிக்கு,
கான்ஸ்டன்ஸ் தார்ன்பி
(திருமதி லியோனார்ட் தார்ன்பி)


தார்ன்பி பண்ணை
18 ஜூலை 1994

அன்புள்ள அகதா,

உன் அஞ்சலட்டை வந்தது. நலம் விசாரிப்பு இல்லை, கையெழுத்தும் இல்லை. "மடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருக்கும் சொல்லைப் போய்ப் பாருங்கள். எழுதியது யார் என்றும் பாருங்கள்." இவ்வளவுதான். உன் எழுத்து இன்னும் நேராக நிற்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்.

என்ன சொல் என்று எனக்கு நினைவில்லை. உன் அப்பாவை அடக்கம் செய்த மாதம் அது. பல காகிதங்களில் பலதும் எழுதினேன். போய்ப் பார்க்கிறேன்.

அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். காப்பகத்தில் என் பக்கத்து மேசையில் திருமதி ஓட்டிலி ஷார்ட்டர் உட்காருகிறார். நம் கோயிலைச் சேர்ந்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியை. நீ சிறுமியாக இருந்தபோது கறுப்பினத்தவர் எல்லாரையும் போல அவர் குடும்பத்தையும் கடைசி வரிசையில்தான் உட்காரவைத்தார்கள். நாற்பது வருடம் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியிருக்கிறோம். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. அவர் தேடுவதும் குத்பெர்ட் தார்ன்பியைத்தான். குத்பெர்ட் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் பதினோரு அடிமைகளின் பெயர்கள் இருக்கின்றன. அதில் சால் என்ற பெண் அவருடைய குலத்தின் முதல் தாய். அந்தப் பக்கத்தை நான் பிப்ரவரியிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சுருளைச் சுற்றினேன்.

"உங்காளுக்குப் பட்டா, உயிலு, கோயில் புத்தகம் எல்லாம் இருக்கு மிசஸ் தார்ன்பி. எங்க சாலுக்கு ஒரே ஒரு வரி. மெத்தைக்கும் மாட்டுக்கும் நடுவுல" என்றார்.

எலினாரின் சாவு எந்தப் பதிவிலும் இல்லை என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "ஏன் செத்துட்டாள்னு நெனைக்கிறீங்க?" என்றார். மகளை அநாதை என்று எழுதியிருக்கிறதே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அய்யோ, இத்தனை மாசமா அந்தப் பொம்பளையக் கல்லறையிலயா தேடிட்டிருக்கீங்க? அந்தக் காலத்துல அப்பன் செத்தாலே புள்ள அநாதைதான். அம்மா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தாலும் கணக்குல வராது. உயிலப் பாக்குற கோர்ட்டுக்கு இன்னைக்கும் என்ன பேரு சொல்லுங்க?"

அநாதைகள் நீதிமன்றம். உன் அப்பாவின் உயிலோடு அதன் படியில் நானே ஏறியிருக்கிறேன். வாசலில் எழுதியிருக்கும் சொல்லை ஒரு நாளும் யோசித்ததில்லை.

செத்தவர்களின் பதிவுகளை விட்டுவிட்டு, உயிரோடிருப்பவர்களின் பதிவுகளைத் தேடினேன். அன்றே கிடைத்துவிட்டாள். எலினார் மேலும் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறாள். குத்பெர்ட், பதவிக்காகக் கத்தோலிக்கத்தை விட்டு இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் சபையில் சேர்ந்தவர். (உன் அப்பாவுக்கு இது தெரியாமல் போனது நல்லது.) எலினார் கத்தோலிக்கத்தை விடவில்லை. தகப்பன் அந்தச் சபை, தாய் கத்தோலிக்கம் என்றால், தகப்பன் போனதும் பிள்ளையைப் பிரித்துவிட அப்போது சட்டம் இருந்தது. பிரித்துவிட்டார்கள். நீதிமன்றம் வருடத்துக்கு நான்கு முறை கூடும். ஒவ்வொரு முறையும் எலினார் பத்து மைல் வந்து, மகளைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். பதின்மூன்று மனுக்கள். ஒவ்வொன்றின் கீழும் எழுத்தர் எழுதியிருப்பது ஒரே சொல்: தள்ளுபடி.

பதினான்காவதாக இருப்பது மனு அல்ல, கிரயப் பத்திரம். "இயற்கையான அன்பின் பொருட்டும், மேற்படி சிறுமியை ஒப்படைப்பதன் பொருட்டும்" எலினார் தன்னுடைய மூன்றில் ஒரு பங்கை ஆல்டஸ் புரூயிட்டுக்கு எழுதிக்கொடுக்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. திரும்பி நிற்கும் ஒரு எழுத்தைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாள்.

பேதையின் பங்கு போன கதை இதுதான், அகதா. குடித்தது யாருமில்லை.

திருமதி ஷார்ட்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "நல்ல பொம்பள. எங்க சாலோட ரெண்டு புள்ளைங்களும் அதே குத்பெர்ட் உயிலுல ஆளுக்கொரு பக்கம் போச்சுங்க. மனுக் குடுக்க அவளுக்கு ஒரு கதவுகூட இல்ல" என்றார். சாலின் பெயருள்ள பக்கத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை சுருளைச் சுற்றவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது ஜன்னலைப் பார்த்தேன். இப்போதைய சொந்தக்காரர்கள் அங்கே சோளம் போட்டிருக்கிறார்கள், நன்றாக வந்திருக்கிறது. திரையை இழுத்து மூடிவிட்டேன்.

உன் அட்டை ரொட்டிப் பெட்டியின் மேல் இருக்கிறது. போவேன் என்று சொன்னேன், போவேன். கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் அம்மா,
கான்ஸ்டன்ஸ் தார்ன்பி


தார்ன்பி பண்ணை
9 நவம்பர் 1994

என் அகதா,

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். கை முன்போல் கேட்பதில்லை. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வசந்தத்துக்குப் பூவிதை வாங்கலாமா என்று கேட்டேன். இந்த வருடம் வேண்டாமே என்றார். நல்ல மனிதர், பொய் சொல்ல வராது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை திருமதி ஷார்ட்டர் தன் காரில் என்னை பால்டிமோருக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. "எங்கூட வர்றதுக்கு இவ்வளவு வெக்கமா, இல்ல என் காரோட்டலுக்கு இவ்வளவு பயமா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தார்.

மடத்தில் இப்போது ஒன்பது சகோதரிகள்தான். வரவேற்பறையில் அதே மெழுகு வாசனை. இளம் சகோதரி ஒருவர் 1948ஆம் வருடப் பதிவேட்டை எடுத்துவந்து மேசையில் விரித்தார். பெயர்: அகதா மேரி தார்ன்பி. வயது: ஒன்பது. பெற்றோர் என்ற இடத்தில் ஒரே சொல். அநாதை.

என் எழுத்து. பென்சில் அல்ல, மை. நானும் அங்கே படித்தவள்தான். அந்தச் சகோதரிகள் கற்றுக்கொடுத்த அதே சாய்ந்த எழுத்து.

அநாதைப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமில்லாத இடம் இருந்தது. சகோதரிகளுக்கு என்னைத் தெரியும், அந்தச் சொல்லைக் கண்டும் காணாமல் விட்டார்கள். உன் அப்பா போனபின் நிலத்தில் ஒரு பகுதியை விற்றால் உன்னை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னார். உன் அப்பாவின் அண்ணன் அந்த ஜன்னலைக் காட்டி, "தார்ன்பி வீட்டுக்கு ஒரு பேதை போதும் கான்ஸ்டன்ஸ்" என்றார். இரண்டாவது பேதை என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது என்று அன்று முடிவெடுத்தேன். விற்கவில்லை, ஓர் அடிகூட. உன்னை ரயிலேற்றினேன்.

பழைய சட்டத்தின் அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லை எழுதினேன் என்று இப்போது நான் சொல்லிக்கொள்ளலாம். அப்பன் இல்லாத பிள்ளை என்ற அர்த்தத்தில். இளம் சகோதரியே அப்படிச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார். ஆனால் அந்த அர்த்தத்தை நான் இந்த ஜூலையில்தான் தெரிந்துகொண்டேன். எழுதும்போது, எல்லாரும் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில்தான் எழுதினேன். நீயும் அப்படித்தான் படித்திருக்கிறாய். எந்த வயதில் படித்தாய், அகதா? அலுவலகத்தில் யாராவது காட்டினார்களா, நீயே தேடிப் பார்த்தாயா? 1963இல் உன் ஊர்ப் பத்திரிகைக்கு நீ சொன்னது பொய்யல்ல. நான் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறாய், ஓரெழுத்து மாறாமல்.

உன்னைப் பார்க்க வந்தவர்களின் குறிப்பும் அதே பதிவேட்டில் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் நான் வந்தது மூன்று முறை. நாற்று நடவு, அறுப்பு, இலை பிரிப்பு என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் எழுதி அனுப்பியிருக்கிறேன். காரணங்கள் எல்லாம் உண்மை. எலினார் மூன்று வருடத்தில் பதின்மூன்று முறை நடந்திருக்கிறாள்.

முதல் முறை வந்தபோது, கிளம்பும் நேரத்தில் நீ என் கையுறையைப் பிடித்துக்கொண்டாய். அழவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாய். நான் உன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, நேராக நில் என்றேன். அதை நீ மறந்திருப்பாய் என்று நாற்பத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் மறக்க முடியவில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும் என்று கேட்டேன். சகோதரி மறுத்துத் தலையாட்டினார். "பதிவுல இருக்கறத அடிக்கக் கூடாதும்மா. வேணும்னா ஓரத்துல ஒரு குறிப்பு எழுதலாம். எழுதினவங்க கையெழுத்தும் தேதியும் போடணும்." நியாயமான விதி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திருமதி ஷார்ட்டர் தன் பேனாவைக் கொடுத்தார். பதிவேடு நழுவாமல் அவரே பிடித்துக்கொண்டார். உன் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில் எழுதினேன்: "பிழை. தாய் உயிருடன் இருக்கிறாள். கான்ஸ்டன்ஸ் தார்ன்பி, 1 நவம்பர் 1994."

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். திருமதி ஷார்ட்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "மிசஸ் தார்ன்பி, படி சில்லுன்னு இருக்கு, எந்திரிங்க" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் எழுந்திருக்கவில்லை.

புத்தகத்துக்கு என் பகுதியைக் கொடுத்துவிட்டேன். குத்பெர்ட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம். எலினாரின் பதின்மூன்று மனுக்களையும் தேதியோடு கொடுத்திருக்கிறேன். பதினோரு பெயர்களும் இருக்கின்றன, சாலும் அவள் பிள்ளைகளும் ஒரே வரியில், சேர்த்து. நீளம் அதிகம், குறைக்க வேண்டும் என்றார்கள். பட்டாவைக் குறையுங்கள் என்றேன்.

உன் பகுதியில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. மற்றதை நான் கேட்க மாட்டேன். நிலத்தைக் காட்டி உன்னைக் கூப்பிடவும் மாட்டேன். அதற்காக வருகிறவளாக நீ வளரவில்லை. உன்னை வளர்த்தவர்களுக்கு என் நன்றி.

ஒன்றே ஒன்று. நீயும் என்னைப் போலச் சொல்லைச் சரிபார்க்கிறவள். பதிவேட்டின் ஓரத்தில் நான் எழுதிய வாக்கியம் நீண்ட நாள் உண்மையாக இருக்காது. அது உண்மையாக இருக்கும்போதே ஒரு முறை வந்து சரிபார்த்துவிட்டுப் போ, கண்ணே. பேச வேண்டியதில்லை. நேராக நிற்கவும் வேண்டியதில்லை. சமையலறைத் திரையைத் திறந்து வைத்திருக்கிறேன். ஓடைப் பக்கத்துச் சாலையில் யார் வந்தாலும் ஜன்னலில் தெரியும்.

கடவுள் உன்னையும், எனக்குப் பெயர் தெரியாத உன் பிள்ளைகளையும் காக்கட்டும்.

அம்மா