வெள்ளவத்தை என்று பேர் வைத்த கருந்துளை

சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று அலுமாரியை இழுத்தேன். பின்னால் விழுந்து கிடந்த ஃபைலுக்குள் நம்முடைய பழைய பொலிஸ் பதிவுப் படிவம் இருந்தது. நாம் வாடகைக்கு இருந்த அனெக்ஸில் யார் யார் இருக்கிறோம், சொந்த ஊர் எது, கொழும்புக்கு ஏன் வந்தோம் என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கி வைத்த தாள். அதோடு இன்னொரு தாளும் ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்ததும் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இது என் கையில் வர வேண்டுமா?

போட்டோகொப்பிதான். கறுப்புப் பின்னணியில் வெளிச்சப் பொட்டுகள் இரண்டு, அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். அதன் மேல் சிவப்புப் பேனாவால் என் கிறுக்கல். மூலையில் பொலிஸ் முத்திரை.

அந்த நாட்களில் நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மேற்படிப்புக்கு வெளிநாடு போக விசாவுக்காகக் காத்திருந்தாய். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் அறிவியல் பக்கம் பார்த்தேன். எனக்கு அறிவியல் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தெரிந்தவள் நீ. வெள்ளவத்தையில் அந்த ஒற்றை அறையில் நீ சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். விளங்காவிட்டால் பேனாவை எறிவேன். நீ எடுத்துத் தந்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவாய்.

இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது நட்சத்திரங்கள் அனேகமாக முட்டிக்கொள்வதில்லை என்றாய். நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு வெறுமை. குழம்புவது வாயுதான், அது நடுவை நோக்கி ஓடும். நடுவிலே ஒவ்வொன்றுக்கும் ஒரு இராட்சதக் கருந்துளை. உள்ளே விழ முன்னர் அதைச் சுற்றிச் சுழன்று சூடாகிற வாயுதான் அப்படி ஒளிர்கிறது. "சாப்பாடு கிடைக்கிற வரைக்கும் அது இருக்கிற இடமே தெரியாதடி," என்றாய். பிறகு என்னைப் பார்த்து, விரத நாளில் நானும் அப்படித்தான், பின்னேரம் சோற்றைக் கண்டதும் ஒழுங்கை முழுக்கச் சத்தம் கேட்கும் என்று நக்கலடித்தாய்.

படத்தில் இருந்த அந்த இரண்டு பொட்டுகளும் கலந்துகொண்டிருக்கிற இரண்டு மண்டலங்களின் கருந்துளைகள். இரண்டும் ஒரே நேரத்தில் தின்றுகொண்டிருந்தன. அப்படி அகப்படுவது அபூர்வம், இதைத்தான் போய்ப் படிக்கப்போகிறேன் என்று நீ குதித்தாய். எனக்கோ வாசகர்களின் கவலை. பல்லாயிரம் ஒளியாண்டு என்று எழுதினால் எந்த மனுசருக்கு விளங்கும்? ஒன்றுக்கு வெள்ளவத்தை, மற்றதுக்குக் கொட்டாஞ்சேனை என்று பேர் வைப்போம் என்றேன். சிவப்பில் வட்டம் போட்டேன். கொட்டை எழுத்தில் பேர்களை எழுதினேன். கீழே, 'இரண்டும் நெருங்குகின்றன. சேரும்போது பேரதிர்வு' என்றும் எழுதினேன்.

அது யுத்த காலம். குண்டு வைக்க வந்ததாகச் சந்தேகிப்பார்கள் என்று கொழும்பில் எங்கட சனம் அப்போது வரைபடம் என்று ஒரு துண்டுக் கடதாசிகூடக் கைப்பையில் வைத்திருக்காது. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாலும் மனதில்தான் எழுதிக்கொள்வோம். இதெல்லாம் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தாளை வரைபடம் என்று நினைக்கவேயில்லை. அது வானம்தானே.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றிவளைப்பு. புட்டு அவிந்துகொண்டிருந்தது. பெண் பொலிஸ் என் கைப்பையைக் கட்டிலில் கொட்டினாள். தாள் விரிந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பேரதிர்வு என்று ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அது குண்டு வைக்கிற திட்டம் மாதிரியே கேட்டது.

யார் எழுதியது என்று கேட்டார்கள். அதற்கு முந்திய வருடம் அடையாள அட்டை தொலைந்ததற்காக என்னை மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அது உனக்குத் தெரியும். உனக்கோ விடிந்தால் கொள்ளுப்பிட்டியில் விசா நேர்முகம், தவறினால் புலமைப்பரிசில் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் நான் வாய் திறக்கவில்லை.

"எழுதினது நான்தான்," என்றாய் நீ. "அவளுக்கு ஒண்டும் தெரியாது."

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. பிறகு எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. பழைய அறிவியல் பக்கங்களை எல்லாம் வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், எழுதியது நான் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் வெறும் தாள் ஒன்றைத் தந்து அந்த இரண்டு பெயர்களையும் எழுதச் சொன்னார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்படியென்றால் நீ ஏன் பொய் சொன்னாய் என்று உன் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குப் பயம், சேர். இந்த இடம் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும், அதால எனக்குப் பயமில்லை," என்றாய், நல்ல சிங்களத்தில்.

எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். பாவம் மனுசன், கேட்டிருக்கக்கூடாது. மூன்று பிளேன்டீ முடியும்வரை நீ விடவில்லை. அவருடைய மேசையில் இருந்த கோப்பைகளை நகர்த்தி நகர்த்திக் காட்டினாய். வாயு எப்படி உள்ளே ஓடும், இரண்டு கருந்துளையும் எப்படி ஒன்றையொன்று சுற்றும் என்றெல்லாம் சொன்னாய். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான், எப்போது முட்டும்? கோடிக்கணக்கான வருடம் போகலாம் என்றாய். அதற்குள் எனக்குப் பென்ஷன் கிடைத்துவிடும் என்று சிரித்தார். இன்னொரு செக்கிங்கில் அகப்பட்டால் கரைச்சல் என்று தாளின் மூலையில் சிங்களத்தில் ஒரு வரி எழுதி, முத்திரை குத்தித் தந்தார். 'இலங்கையில் உள்ள இடம் அல்ல.'

திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "பேரை மட்டும் மாத்தாமல் போடு," என்றாய். அடுத்த நாள் நேர்முகத்துக்குப் போனாய், விசா கிடைத்தது, பறந்தாய். நானோ கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டு பெயர்களையும் வெட்டினேன். மையம் ஒன்று, மையம் இரண்டு என்று போட்டேன். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

சுகமில்லை என்று நீ சொன்ன பிறகு எத்தனை தரம் போனில் கதைத்தோம், அப்போதும் அந்தக் கதையை எடுக்கவில்லை. கருந்துளைகளைப் பற்றித்தான் நீ மூச்சு வாங்க வாங்கக் கதைத்தாய்.

தாளைத் தூசு தட்டி என் கைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். இப்போது யாரும் கொட்டிப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் முத்திரை இருக்கிறது.

நீ போன செய்தியை எனக்குச் சொன்னது உன்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அழுதுகொண்டே சொன்னாள். போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. உங்கள் ஆய்வுகூடத்தில் அந்த இரண்டு கருந்துளைகளுக்கும் நீ வந்த நாளிலிருந்தே இரண்டு பெயர்கள் இருக்கிறதாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். 'வெலவாட்டா', 'கோட்டஹீனா' என்று நாக்குச் சுளுக்கச் சொன்னாள். கொழும்பில் ஒரு சிநேகிதி எழுதிய பேர் என்று மட்டும் நீ சொல்வாயாம், அது யாரென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

இந்தத் தரம் நான் இரண்டு மணித்தியாலம் எடுக்கவில்லை, பிள்ளை.

"எழுதினது நான்தான்," என்றேன்.