பிறையை வட்டமாக்கிய மச்சாளுக்கு

மச்சாள்,

இன்று காலையில் எங்கள் பட்டியில் கன்றுகளுக்குக் குறி சுட்டார்கள். மூத்த மகன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தொடையில் வைக்க, மயிர் பொசுங்கித் தோல் கருகிற மணம் குசினி வரைக்கும் வந்தது. நான் ஒடியற் புட்டுக்குப் பனங்கிழங்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். உலகச் சண்டைக் காலம், அரிசி கூப்பனுக்கு வந்தால்தான் உண்டு. மணம் மூக்கில் ஏறியதும் குழைத்த கை அப்படியே நின்றுவிட்டது. சாம்பிராணி மணத்தோடு நினைவுக்கு வருகிற ஆட்கள் உண்டு. நீங்கள் எனக்குத் தோல் கருகிற மணத்தோடு வருகிறீர்கள்.

"செத்த ஆளோட இன்னும் என்ன வழக்கு?" என்று உங்கள் தம்பி கேட்கிறார். உயிரோடு இருந்தபோது வழக்குத் தீர்ந்திருந்தால் நான் ஏன் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன்? அவருக்கு நீங்கள் அக்கா. தாய் தகப்பன் போனபின் சோறு ஊட்டி வளர்த்தவ. எனக்கு நீங்கள் கல்வேலிக்கு அந்தப் பக்கத்து வளவு. அந்தப் பக்கத்தில் நின்று என் முற்றத்தை ஆண்ட மனுசி.

நெடுந்தீவில் இரண்டு மாரி தொடர்ந்து பொய்த்த காலம் அது. வரகு பதராய்ப் போனது. மாடுகள் கல்வேலியோரத்துச் சருகை நக்கின. எனக்கு ஒரு பிள்ளை நடை பழகியிருந்தது, மற்றது மடியில். உங்கள் தம்பி வன்னிக்குப் போய்க் காட்டில் ஒரு துண்டு நிலம் பிடித்து, கொட்டிலும் போட்டுவிட்டு வந்து சொன்னார்: "சித்திரை பிறந்ததும், சோளகக் காத்துப் பெயர முதல் எல்லாரும் போயிடவேணும்." பூநகரிக் கரை வரைக்கும் வள்ளம், அதன்பிறகு காட்டுப்பாதையில் மாட்டுவண்டில். அவ்வளவு தூரத்துக்கு ஒரு குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போவது சும்மா காரியமில்லை. வள்ளம் ஒரு நடைதான் வரும். இரண்டாம் நடைக்குக் கூலி கொடுப்பதென்றால் விதைநெல்லை விற்க வேண்டும். விதைநெல்லை விற்றுவிட்டு வன்னிக்குப் போய் என்ன செய்வது, குரங்கு பிடிப்பதா?

ஆகவே எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்பதுதான் எங்கள் வீட்டில் இரவும் பகலும் பேச்சு. வள்ளக்காரர் நீளத்துக்கும் அகலத்துக்கும் முடிச்சுப் போட்டு ஒரு கயிறு தந்திருந்தார். அந்தக் கயிற்றைப் பிடித்து, அடுப்புச் சாம்பலால் முற்றத்தில் வள்ளத்தைக் கீறினேன். எங்கள் தீவில் குடி பெயர்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். துறையில் நின்று ஏற்றுவதும் இறக்குவதுமாய் மினக்கெட்டால் காற்றுத் திரும்பிவிடும். வீட்டு முற்றத்திலேயே சாம்பல் கோட்டுக்குள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கோட்டுக்கு வெளியே நிற்கிறது எதுவோ அது தீவில் நிற்கும்.

நெல்லுமூட்டையை வைத்தேன். ஒடியல் கடகம், கருவாடு, உப்பு, அம்மி, கோடாலி, மண்வெட்டி. பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் பாய். நடுவில் என் சிவப்பியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் வந்த உடனேயே சாம்பல் கோட்டில் சாணி போட்டாள். "பாத்தியளே, தன்ர இடத்தைப் பிடிச்சிட்டாள்!" என்று நான் சிரித்தேன். உங்கள் தம்பியும் சிரித்தார்.

சிவப்பி என் ஐயா எனக்குச் சீதனத்தோடு தந்த பசு. வலத் தொடையில் ஐயாவின் குறி, ஒரு பிறை. ஐயா கண்ணை மூடினபின் அந்தக் குறியோடு தீவில் நின்ற ஒரே மாடு அதுதான். அப்போது அவள் இரண்டாம் கன்றுக்குச் சினையாயும் இருந்தாள். நான் யோசித்துத்தான் நடுவில் நிறுத்தினேன். மழை விழுந்து, விதைத்து, கதிர் வரும்வரைக்கும் கையில் உள்ளதை வைத்துத்தான் தின்ன வேண்டும். சிவப்பி நின்றால் பிள்ளைக்குப் பால் வீட்டோடு. பாதையால் போகிற வண்டில்காரருக்கு மோர் விற்றால் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆச்சு. கடன் என்று ஒருவர் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. எனக்குப் பள்ளிக்கூடக் கணக்குத் தெரியாது, ஆனால் வயிற்றுக் கணக்குத் தெரியும்.

அப்போதுதான் கல்வேலிக்கு மேலால் உங்கள் தலை தெரிந்தது.

"இதென்ன கூத்து? மாடோ வள்ளம் ஓட்டப்போகுது?"

"சிவப்பியும் எங்களோட வாறாள், மச்சாள்."

"அப்ப அப்புவின்ர பெட்டகம்?"

உங்கள் தகப்பன் விட்டுப்போன பெட்டகத்தை நாங்கள் ஒருவரும் நினைக்கவே இல்லை. அது உங்கள் வீட்டில், உங்கள் சேலைகளோடு கிடந்தது. உங்கள் தம்பி தலையைச் சொறிந்தார். "அது உங்களிட்டயே கிடக்கட்டுமன் அக்கா."

"ஆம்பிளைப் பிள்ளைக்கு எண்டு அப்பு செய்விச்சதடா அது. வெறுங்கையோட போய்க் காட்டுக்க இறங்கினா, ஆரோ நாதியத்ததுகள் வந்திருக்குதுகள் எண்டு சனம் சொல்லாதோ? பெட்டகம் கிடந்தாத்தான் அது வீடு."

"வீடு இன்னும் கொட்டில்தானே மச்சாள்," என்றேன் நான்.

"நீர் சும்மா இரும். இது எங்கட குடும்பத்துக் கதை."

நாலு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். சிவப்பி நின்ற இடத்தில் அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது அந்தப் பெட்டகம். நீங்களே கயிற்றைப் பிடித்து அவளைக் கோட்டுக்கு வெளியே இழுத்தீர்கள். "மாட்டை நினைச்சு ஏங்காதையும். என்ர பட்டியில நிக்கட்டும். அடுத்த முறை வள்ளம் வரேக்க நானே ஏத்திவிடுறன். நான் சொன்னால் சொன்னதுதான்." நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் பெட்டகத்தைப் பார்த்தார்.

அந்தப் பெட்டகம் உங்களுக்குப் பெட்டகத்துக்காகத் தேவைப்படவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மாடு நிற்க வேண்டிய இடத்தை அடைக்க ஒரு பெரிய சாமான் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

வன்னியில் போய் இறங்கினோம். பெட்டகம் கொட்டில் வாசலுக்குள் போகவில்லை. படுக்கவைத்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். வண்டில்காரர், "அண்ணை, கொட்டிலைத் தூக்கிப் பெட்டகத்துக்க வைச்சா ஒருவேளை சரிவரும்," என்றார். உங்கள் குடும்பத்து மானம் முழு மாரியும் வெளியே நின்று நனைந்தது.

நனைந்ததற்கு நான் சிரித்தேன். மற்றதற்குச் சிரிக்க முடியவில்லை. காட்டுக்காய்ச்சல் என்னை அடித்துப் போட்டது. பால் வற்றிவிட்டது. மடியில் கிடந்தது அழும், நான் கஞ்சித்தண்ணியைக் காய்ச்சித் துணியில் நனைத்து வாயில் வைப்பேன். தலைதான் பெரிது, கால் இரண்டும் ஈர்க்கு. அயலில் ஒரு கிழவி தன் ஆட்டுப்பால் தந்ததால் பிள்ளை பிழைத்தது. உங்கள் புண்ணியத்தில் இல்லை. ஒவ்வொரு பொழுதும் அந்த ஆட்டுப்பாலுக்காகக் கிழவியின் வாசலில் செம்போடு நிற்கும்போது, நெடுந்தீவில் என் பசு கன்று ஈன்றிருக்கும், சீம்பாலை யார் குடிக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் வெள்ளாமை வெட்டினதும் நான் உங்கள் தம்பியையும் இழுத்துக்கொண்டு தீவுக்கு வந்தேன். கிடாரிக் கன்று ஒன்று சிவப்பியின் பக்கத்தில் நின்றது. நான் கூப்பிட்டேன். உங்கள் பட்டிக்குள்ளிருந்து அவள் செவியை நிமிர்த்தி வந்தாள். வந்தவளின் தொடையைப் பார்த்தேன். பிறை இல்லை. வட்டம் இருந்தது. உங்கள் வீட்டுக் குறி.

புதிதாய் ஒரு குறி சுட்டிருந்தால் பழையது காட்டிக்கொடுத்திருக்கும். நீங்கள் கெட்டிக்காரி. பிறையின் இரண்டு நுனியையும் சேர்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் விரலால் தடவினேன். ஒரு பாதி மழமழவென்று ஆறிய பழைய தழும்பு. மறு பாதியில் இன்னும் சொரசொரப்பு, ஓரத்தில் பொருக்கு.

"மச்சாள், இது என்ர சிவப்பி."

"உம்மட சிவப்பி போன மாரியோட செத்துப்போச்சு. சொல்லி அனுப்பினனான், உங்களுக்குக் கிடைக்கேல்லையோ? இது என்ர பட்டி மாடு. குறியைப் பாரும்."

"அவள் என்ர சத்தத்துக்கு வந்தவள்!"

"காட்டுக்காய்ச்சல் உம்மட தலைக்கு ஏறிப்போச்சு. சத்தம் போட்டா எந்த மாடும்தான் வரும்."

நான் ஊர் வழக்குத் தீர்க்கிற விதானையாரைக் கூட்டிவந்தேன். அவர் குடையை ஊன்றி நின்று பார்த்தார். "வட்டக்குறி. மாடு அவவின்ரதான், பிள்ளை," என்றார். தொட்டுப் பாருங்கோ, பாதி பழசு பாதி புதுசு என்று நான் கெஞ்சினேன். மாட்டைத் தொட்டு வழக்குத் தீர்க்கிற வழக்கம் தீவில் இல்லை, குறியைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்பு என்று போய்விட்டார். உங்கள் தம்பி? அவர் வாயைத் திறந்து ஒரு சொல், "அக்கா, அது அவளின்ர மாடு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் எங்களுக்குக் கோப்பி தந்தீர்கள். அதில் பால் விட்டிருந்தீர்கள். நான் குடிக்கவில்லை. அவர் குடித்தார். அதையும் நான் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

திரும்பிவந்த அன்றைக்கே பெட்டகத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வைக்கோல் போட்டுக் கோழிகளை அடைக்கு வைத்தேன். மகள் பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியச் சடங்குக்கு நீங்கள் வன்னிக்கு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சரிகைச் சேலையோடு வண்டிலால் இறங்கி, நாலு அடி வைக்கவில்லை, நின்றுவிட்டீர்கள்.

"அடி பாவி! எங்கட அப்புவின்ர பெட்டகமெல்லோ!"

"ஓம் மச்சாள். நல்ல பெட்டகம். ஒரு முட்டையும் கூழாப் போறேல்லை."

"குடும்பத்து மானத்தில கோழிப் பீயடி!"

"மானம் உள்ளுக்கை போக வாசல் காணாது மச்சாள். அதுதான் வெளியில கிடக்கு."

சபையில் ஆரோ சிரித்துவிட்டார்கள். நீங்கள் அன்றைக்கு எங்கள் வீட்டில் தண்ணியும் குடிக்கவில்லை. அந்த ஒரு நாள் நான் வடிவாய் நித்திரை கொண்டேன்.

ஆனால் அது போதவில்லை. எனக்கு வேண்டியது உங்கள் வாயால் ஒரு சொல். "ஓம், அது உம்மட மாடு." இவ்வளவு காலமும் அதற்காகத்தான் காத்திருந்தேன். போன வருசம் நீங்கள் செத்த செய்தி வந்தபோது நான் முதலில் கேட்டது, "கடைசியில் ஏதும் சொன்னவவோ?" என்றுதான். ஒன்றும் சொல்லவில்லையாம். தேவாரம் படிக்கச் சொல்லிக் கேட்டீர்களாம்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு அன்றைக்குத்தான் நாங்கள் வந்துசேர முடிந்தது. படலையைத் தாண்டினதும் பெண்கள் எழும்பி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பிந்தி வந்தவள் ஒப்பாரி சொல்லித்தான் ஆகவேண்டும். அழுகிற பெண்ணை இடையில் மறிக்க ஒருவருக்கும் உரிமையில்லை, விதானையாருக்கும் இல்லை. வள்ளத்தில் வரும்போதே நான் அதை யோசித்து வைத்திருந்தேன். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கல்வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி எடுத்தேன்:

பெட்டகத்தை ஏத்திவிட்டுப்
பெருமை தந்த மச்சாளே!
பிறையாய் இருந்த குறியைப்
பிடிச்சு வட்டம் ஆக்கினீங்களே!
பாலுக்குப் பிள்ளை அழ நான்
பச்சைத்தண்ணி காய்ச்சினனே!
பட்டி நிறைஞ்சு கிடக்குதே, அது
பாவியென்ர சிவப்பியெல்லோ!

முதலில் கூட அழுதுகொண்டிருந்த பெண்கள் மெல்ல மெல்ல வாயை மூடினார்கள். முற்றத்தில் வெற்றிலை மடித்த ஆம்பிளைகள் மடித்தபடியே இருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. தொண்டை கட்டும்வரை சொன்னேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததுதான். அது உங்களுக்காக வந்தது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் மகன் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"மாமி, நாலு சனத்துக்கு முன்னால இப்பிடிச் செய்யலாமோ?"

"என்னைப் பொய்க்காரி ஆக்கினது எத்தினை சனத்துக்கு முன்னால மோனை?"

பட்டிப் பக்கம் கையைக் காட்டினான். "பட்டியில விரும்பின நாகுப் பசு ஒண்டைக் கொண்டு போங்கோ. இந்தக் கதையை இதோட விடுங்கோ."

நான் வேண்டாம் என்று பெரிய மனுசியாய்த் தலையாட்டியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? பட்டிக்குள் இறங்கினேன். எல்லாத் தொடையிலும் வட்டம். நல்ல மடிக்கட்டு வரக்கூடிய செவலை ஒன்றைப் பிடித்துக் கயிற்றைப் போட்டேன். கயிற்றைக் கையில் தரும்போது அவன் கேட்டான்: "இப்ப மனம் ஆறிச்சுதோ மாமி?"

"இது நீ தாறது, ராசா. உன்ர அம்மா தரேல்லை," என்றேன்.

நாகைக் கொண்டுவந்தேன். கதையை விடவில்லை. இப்போது அது முதற்கன்று ஈன்று இரண்டு நேரமும் கறக்கிறது. பால் நல்ல தடிப்பு. ஆனால் ஒரு விசயம் உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உயிரோடு இருந்தவரை நான் உங்கள் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வயதுக்கு மூத்த மச்சாளைப் பெயர் சொல்லலாமா? மச்சாள், மச்சாள் என்றே காலம் போனது. அந்தப் பெயரை நான் இந்தச் செவலைக்கு வைத்திருக்கிறேன். விடியப்புறம் செம்பை எடுத்துக்கொண்டு போய் வாய் நிறையக் கூப்பிடுகிறேன். "தள்ளி நில்லடி. காலைத் தூக்காதை. திருட்டுப் புத்தி உனக்கு," என்கிறேன். உங்கள் தம்பி காதைப் பொத்திக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். பாவம் என்கிறார். பாலை மட்டும் குடிக்கிறார்.

நேற்றும் கூப்பிட்டேன், மச்சாள். நீங்கள் புல்லை விட்டுத் தலையை நிமிர்த்தி, ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து வந்து, எனக்கு முன்னால் நின்றீர்கள்.