மவுஸ் அசையாதபோது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வங்கிப் பாடத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து அனுப்பிய ஃபைல் திரும்பி வந்துவிட்டது. பின்னணியில் இரைச்சலாம். ஹெட்போனில் நானும் கேட்டேன். மவுஸை நகர்த்தினால் மெல்லிய கீச்சு. விட்டால் நிற்கிறது.

புனேயில் எங்கள் பக்கத்துச் சிஞ்ச்வட் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் காதர் பாய், மேலப்பாளையத்துக்காரர். "போர்டுலயே ஒட்டியிருக்க ஆடியோல்லா, தங்கச்சி. உள்ள என்ன வேலை நடந்தாலும் அதுல கேக்கும். தனி சவுண்ட் கார்டு போட்டா சுத்தமா இருக்கும். வியாழக்கிழமை நானே வந்து மாட்டுதேன்."

என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "கண்டவங்களக் கூப்பிட்டுத் திறக்க விடாத. இருக்கறதே போதும்."

ஜூலை 9, புதன்

அவர் போசரியில் இருக்கும் கம்பெனிக்குக் கிளம்பியதும் ஹெட்போனை மாட்டி மைக் முன்னால். கை மடியில். கீச்சு. நின்றது. மறுபடி கீச்சு. திரையில் அம்பு அசையவே இல்லை. மவுஸைப் பிடுங்கிப் போட்டேன். அப்போதும்.

மறக்கக் கூடாதவை: பால், வெந்தயம், கரண்ட் பில்.

"யாரு?" என்று கேட்டுவிட்டேன், காலி வீட்டில். கீச்சு சட்டென்று நின்றது.

பிறகு ஒரு வரிகூடப் பதிவு செய்ய முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

அவர் கம்பெனிக்குப் போன பிறகு பாய் வந்து கார்டை மாட்டினார். ஹெட்போனில் அப்படியொரு அமைதி. என் மூச்சு மட்டும். ஆனால் அந்தச் சத்தம் போய்விட்டதா, எனக்குக் கேட்காமல் போய்விட்டதா? நேற்று நடந்ததைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. ஹெட்போனைப் பழைய ஓட்டையில் செருகினார். கீச்சு. நெட் வயரைப் பிடுங்கினார். நின்றது. மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி.

என்னவோ தட்டித் தேடிப் பார்த்தார். எழுந்து வாசலுக்குக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்துவிட்டது.

"வெளிய இருந்து ஒருத்தன் உங்க திரையப் பாக்கான், தங்கச்சி. மைக்கையும் கேக்கான். அந்த புரோகிராம எடுத்துரட்டுமா?"

"வேணாம் பாய். யாருன்னு தெரியணும். கார்டையும் கழட்டிருங்க. முன்ன மாதிரியே இருக்கட்டும், அவன் வர்றப்ப எனக்குக் கேக்கணும்."

"இரைச்சல் வருமே?"

"வரட்டும்."

ஜூலை 11, வெள்ளி

தூறல். கீச்சு வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாரும் இல்லாமலே, "அக்கா, மதுரைக்கு டிக்கெட் போட்டுட்டேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல" என்றேன். பொய். வேறு யாரிடமும் சொல்லாத பொய்.

ராத்திரி ரசம், அப்பளம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மதுரையில இப்ப நல்ல வெயிலாம்ல" என்றார்.

"அப்படியா?" மோர் ஊற்றினேன். சிந்தவில்லை.

இன்னும் கொஞ்சம் அப்பளம் கேட்டார். கொடுத்தேன். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். போன மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தோழியிடம் போனில் அழுதது, அதற்கு மறுநாள் அவர் காரணமே இல்லாமல் வாங்கி வந்த புடவை. எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

ஜூலை 12, சனி

மழை விட்டிருக்கிறது. சிஞ்ச்வட் ஸ்டேஷன் கவுன்ட்டரில், புனேயிலிருந்து மதுரைக்கு நிஜமாகவே டிக்கெட். அக்காவுக்கும் நிஜமாகவே போன். "என்ன ஏதுன்னு அப்புறம் கேக்கறேன். நீ முதல்ல வா."

அவர் இன்றும் கம்பெனியில். பையில் இரண்டு புடவை, சான்றிதழ்கள். கிளம்பும் முன் ஹெட்போனை மாட்டினேன். கீச்சு இருந்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

நின்றது.

"நான் கிளம்பறேன். தேடி வராதீங்க." மைக்கைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

ஆட்டோவில் எழுதுகிறேன். கோணல் மாணலாக. போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை. இப்போது ஒரு மெசேஜ்: "ஆட்டோவைத் திருப்பச் சொல்லு."

ஆட்டோ என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் இந்தப் போனிலும் அவர்தான்.

போனை அணைத்து, சீட்டு இடுக்கில் திணித்துவிட்டேன். அங்கேயே கிடக்கட்டும். புனே ஸ்டேஷன் தெரிகிறது.